எஸ்தர் அக்கா கையைத்தான் பார்ப்பார்

செய்தி வந்தபோது காலை மணி எட்டு. செம்பூர் வீட்டில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பழைய ஆபீஸ் வாட்ஸாப் குழுவில் எஸ்தர் அக்காவின் மகன் டேனியல் அவர் போனிலிருந்து போட்டிருந்தான்: அம்மா விடியற்காலையில் தவறிவிட்டார், அடக்கம் மாலை நாலு மணிக்கு. கூடவே ஒரு படம். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஆதார் கார்டிலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய முகம். கண் பாதி மூடியிருந்தது. காதோரம் கார்டின் கோடுகூட ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த நிமிஷமே அதன் கீழே கும்பிடு கைகள் வரிசையாக வந்து இறங்கின.

பாவம், அவன்தான் என்ன செய்வான்? வேறு படம் கிடையாது. இதைப் படிக்கிற நம் கிளெய்ம் செக்‌ஷன் ஆட்கள் வேண்டுமானால் உங்கள் வீட்டு அலமாரியைக் குடைந்து பாருங்கள். பிக்னிக், கல்யாணம், ரிடையர்மென்ட் பார்ட்டி, எதிலும் எஸ்தர் அக்கா இருக்க மாட்டார். "நா எடுக்கேன், நீங்க எல்லாரும் ஒட்டி நில்லுங்க" என்று கேமராவைப் பிடுங்கிக்கொள்வார். முப்பது வருஷம் நம்மை நிற்கவைத்துப் படம் எடுத்தார். படம் எடுப்பதில் அவருக்கு அவ்வளவு பைத்தியம் என்று நாமும் நினைத்துக்கொண்டோம்.

உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். அதோடு அவர் என்னிடம் ஒரு வாக்கும் வாங்கியிருந்தார். அவரைப் பெட்டியில் வைத்த பிறகு, மகன் வயிற்றுப் பேத்தி ரியாவைப் பக்கத்தில் நிறுத்தி யாரும் படம் எடுக்கக்கூடாது. தடுக்க வேண்டியது நான். டேனியலுக்குப் போன் போடலாமா என்று எண்ணை எடுத்தேன். சாவு வீட்டுக்குப் போன் போட்டு, அழுகிறவனிடம் போய்ப் படம் எடுக்காதே என்று எப்படிச் சொல்வது? கூச்சமாக இருந்தது. நாலு மணிக்குத்தானே, நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிட்டேன். மீதி அவரைக்காயையும் நறுக்கினேன், சமைத்தேன், வீட்டுக்காரருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல வெட்கமாக இருக்கும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நாங்கள் இருவரும் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் இறப்பு கிளெய்ம்களைச் சரிபார்க்கிற பிரிவில் இருந்தோம். நான் மாட்டுங்காவில் வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். அவர் தாராவி தொண்ணூறடி சாலையில் பிறந்து வளர்ந்தவர், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எனக்குக் கல்யாணமே ஆகாத நாளிலிருந்து என்னை "மாட்டுங்கா மாமி" என்றுதான் கூப்பிட்டார்.

ஒரு முறை ஒரு ஃபைல் வந்தது. இறந்தவர் ஒரு டிரைவர். ஒரே குழந்தைக்குத் தான்தான் தாய் என்று இரண்டு பெண்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆதாரம் ஒரே ஒரு ஸ்டூடியோ படம். அதில் இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, குழந்தை ஒருத்தி மடியில் சிரித்துக்கொண்டிருந்தது. மடியில் வைத்திருப்பவள்தான் தாய் என்று நாங்கள் அத்தனை பேரும் சொல்லிவிட்டோம். அக்கா கையெழுத்து பார்க்கிற லென்ஸை எடுத்து வைத்துக் குனிந்தார். குழந்தையின் இடது கை, பக்கத்தில் இருந்தவளின் முந்தானை நுனியை முறுக்கிப் பிடித்திருந்தது. "சிரிப்பப் பாக்காதட்டி. சிரிப்ப போட்டோக்காரன் வாங்கிருவான். கையப் பாரு" என்றார். விசாரணையில் அவர் சொன்னதே சரியென்று வந்தது.

அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆளாளுக்கு வீட்டுப் பழைய படங்களைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அவரும் ரசத்தைக் குடித்துக்கொண்டே சொல்வார். இந்தப் பயல் போட்டிருக்கிற ஷூ அவனுடையது இல்லை, விரலை மடக்கி நிற்கிறான். இந்தப் பொண்ணு கையில் புத்தகம் இருக்கிறது, ஆனால் தலைகீழாக இருக்கிறது, அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. எல்லோரும் சிரிப்போம். சில படங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்போதுதான் எனக்குப் பயமாக இருக்கும். கொண்டுவந்தவர்களும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

என் அப்பாவின் சதாபிஷேகத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். மாட்டுங்கா வீட்டுக் கூடத்தில் ஒரு படம் தொங்கும். நாலைந்து வயதுக் குழந்தை, பட்டுப் பாவாடை, பூ வைத்துத் தைத்த ஜடை, ஜமக்காளம் போர்த்திய நாற்காலி. அது அப்பாதான் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். மொட்டை அடிப்பதற்கு முன்னால் ஆண் குழந்தைக்குப் பாவாடை கட்டி, ஜடை தைத்துப் படம் எடுப்பது நம் வீடுகளில் சகஜம்தானே. நாங்கள் அப்பாவை அதைச் சொல்லிக் கேலி செய்வோம். அவரும் சிரிப்பார். எண்பது வயதுக்கு அந்தப் படத்தைப் பெரிதாக்கி, விசேஷம் நடக்கிற ஹால் வாசலில் பூ அலங்காரத்தோடு வைத்தால் வருகிறவர்கள் எல்லாம் ரசிப்பார்கள் என்பது என் யோசனை. ஸ்கேன் செய்ய ஆபீஸுக்கு எடுத்துப் போனேன்.

எஸ்தர் அக்கா வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யாருட்டி?"

"எங்கப்பா. மொட்டைக்கு முன்னாடி எடுத்தது."

"பூச்சட வச்சா பின்னால கண்ணாடி வைப்பாவல்லா, சட தெரியணும்னு? இதுல சடய முன்னால இழுத்துப் போட்டுருக்காவ."

"அந்தக் காலத்துல ஆத்துல கண்ணாடி இல்லையோ என்னமோ."

"இவ்வளவு பூ வாங்கிருக்காவ. போட்டோக்காரன வீட்டுக்கு வரவச்சிருக்காவ. கண்ணாடிக்கா பஞ்சம்?" அவர் குரலை இறக்கினார். "பின்னால ஆள் இருக்கு மாமி. கண்ணாடி வச்சா தெரிஞ்சிரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. லென்ஸை என் கையில் கொடுத்து இடுப்பைப் பார் என்றார். பாவாடைக்கும் ஜமக்காளத்துக்கும் நடுவில், துணி மடிப்பு என்று நான் ஐம்பது வருஷமாக நினைத்திருந்தது நாலு விரல்கள். பெரியவர்கள் விரல் இல்லை, பொடி விரல்கள். குழந்தையின் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தன. நகம்கூடத் தெரிந்தது. பிறகு காலைப் பார் என்றார். பாவாடை விளிம்புக்குக் கீழே இரண்டு கட்டைவிரல்கள் எட்டிப் பார்த்தன. கொலுசு நூல் என்று நாங்கள் நினைத்தது, அவை இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி.

கால் கட்டைவிரல்களை எப்போது சேர்த்துக் கட்டுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் தினமும் பாடம் படித்தேன். தீபாவளிக்குத் தீபாவளி அதைத் துடைத்து மாட்டினேன்.

அக்கா படத்தைக் கவிழ்த்து வைத்தார். "இதப் பெருசு பண்ணாத. வீட்டுக்குக் கொண்டு போ. உங்கப்பாட்ட இது யாருன்னு கேக்காத. பின்னால யாருன்னு கேளு. அவர் உக்காந்துருக்கும்போது கேளு."

மூன்று நாள் தள்ளிப் போட்டேன். நாலாம் நாள் அப்பா ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது படத்தை மடியில் வைத்து, "இதுல பின்னாடி யார்ப்பா இருக்கா?" என்றேன். அவர் பேப்பரை மடித்தார். மடித்ததையே இன்னொரு தரம் மடித்தார்.

"நான்தான்" என்றார். "முன்னாடி இருக்கறது அம்மிணி. என் தங்கை. மூணு நாள் ஜுரமாக்கும். ஜடை தெச்சுப் போட்டோ எடுக்கலாம்னு அவகிட்ட அம்மா சொல்லிண்டே இருந்தா. அது நடக்காமயே போயிடுத்து. போட்டோக்காரன் நாற்காலில உக்காத்தி வெச்சா சரிஞ்சு சரிஞ்சு விழுந்தா. பெரியவா பின்னாடி நின்னா தெரியும். நான் ஏழு வயசுப் பையன், முட்டி போட்டா மறைஞ்சுடுவேன். ஜமக்காளத்தை மேல போட்டு மூடினா. 'அசையாதே, நீ அசஞ்சா அவளும் அசைவா'ன்னு போட்டோக்காரன் சொன்னான்."

அவரே தொடர்ந்தார். "படத்தை மாட்டினப்பறம் வரவா எல்லாம் யாருன்னு கேட்டா. அம்மா ஒரு நாள் என்னைக் காட்டி, இவன்தான், மொட்டைக்கு முன்னாடின்னு சொல்லிட்டா. அப்படிச் சொன்னா அம்மா அழாம இருந்தா. நானும் சரின்னுட்டேன். அப்பறம் அதுவே பழகிப் போச்சு." கொஞ்சம் கழித்து, "அவளை ஹால் வாசல்ல வெக்காதே, கேட்டயா" என்றார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

எஸ்தர் அக்காவிடம் நான் பதினைந்து நாள் பேசவில்லை. நன்றாக இருந்த படத்தைப் பிணமாக்கி என் கையில் கொடுத்துவிட்டாளே என்று ஆத்திரம். கூடத்துக்குள் நுழையவே பயமாக இருந்தது. அப்பா சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வந்து தூக்கம் போயிற்று. ஒரு நாள் கேன்டீனில் மறித்து நேராகவே கேட்டுவிட்டேன். "ஒங்களுக்கு என்ன அப்படி ஒரு கண்ணு? எதைப் பார்த்தாலும் செத்ததுதான் தெரியுமா?"

அவர் கோபப்படவில்லை. மறுநாள் கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜைமேல் போட்டார். அவருடைய ஆறாவது வயதில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். நடுவில் அவருடைய அம்மா, பெட்டியில். முகம் கேமராவுக்குத் தெரியும்படி பெட்டியைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் சொந்தக்காரர்கள், தாராவி வீட்டு வாசல். தலைமாட்டில் வெள்ளைக் கவுன் போட்ட ஒரு சிறுமி, கேமராவை நேராகப் பார்க்கிறாள். அவளுடைய வலது கை பெட்டிக்குள் போயிருக்கிறது.

"சொல்லு, என்ன தெரியுது?" என்றார், ஏதோ பரீட்சை வைப்பதுபோல.

"அம்மாவைத் தொட்டுண்டு நிக்கறேள்."

"தொடல. தொட வச்சாவ. மணிக்கட்டப் பாரு, பின்னால ஒரு பெரிய கை புடிச்சிருக்கு. ஒரு பெரியம்ம சொன்னா, அம்மா தூங்குதா, நீ தொட்டா எந்திரிப்பான்னு. போட்டோக்காரன் அப்படியே வச்சிருன்னான். அம்மா எந்திரிக்கல." கவரை எடுத்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். "நா தொட்டது சரியில்ல, அதான் எந்திரிக்கலன்னு பத்து வயசு வரைக்கும் நெனச்சிட்டு இருந்தேன் மாமி. யாருட்டயும் கேக்கவும் இல்ல. உங்கப்பா எத்தன வருசம் என்னத்த நெனச்சாரோ."

அன்றைக்கு நான்தான் அழுதேன். அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவர் பாதியாகிவிட்டிருந்தார். கையில் ஊசி குத்தி வீங்கியிருந்தது. அப்போதும் வாய் குறையவில்லை. "வாங்க மாட்டுங்கா மாமி, கெட்டி மேளம் கொட்டப் போவுது" என்றார். டேனியல் மருந்து வாங்கப் போனதும் என் புடவையைப் பிடித்து இழுத்தார். "எங்க ஆளுக பெட்டிக்குப் பக்கத்துல எல்லாரையும் நிறுத்திப் படம் எடுப்பாவ. ஊர்ல உள்ளவங்களுக்கு அனுப்பணும்லா. என்னய எப்படி வேணா எடுத்துக்கிடட்டும், நா பாக்கவா போறேன்? ரியாவ மட்டும் நிறுத்த விடாத. அவளுக்கும் ஆறு வயசுதாம்டி."

"டேனியல்கிட்டயே சொல்லிடுங்கோளேன்."

"அவன் சாவுப் பேச்சு எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருதான். நீ சொல்லு. நீ சொன்னா மரியாதைக்காவது கேப்பான்."

நான் சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் நான் சொன்னால் பூனைகூட நகராது. அது அவருக்கும் தெரியும். வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அடக்கத்தன்று ஒன்றரை மணிக்குக் கிளம்பினேன். குர்லாவில் வண்டி மாறி சயானில் இறங்கி நடந்தேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சந்து முனையில் ஷாமியானா போட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தார்கள். பெட்டி வாசலிலேயே இருந்தது. நான் பார்த்த கறுப்பு வெள்ளைப் படத்தில் இருந்த அதே வாசல், டைல்ஸ் மட்டும் புதிது. அக்காவுக்கு வெள்ளைப் புடவை கட்டி, கையில் சிலுவை வைத்திருந்தார்கள். பெட்டியின் தலைப்பக்கத்தில் இரண்டு செங்கல்லை முட்டுக் கொடுத்து உயர்த்தியிருந்தது. அந்தச் செங்கல்லைப் பார்த்ததுமே அது படத்துக்காகத்தான் என்று தெரிந்துவிட்டது.

டேனியலைத் தனியாக இழுத்துப் போய்ச் சொன்னேன். அவன் கண்ணெல்லாம் வீங்கி நின்றான்.

"ஃபோட்டோவா? அது காலையிலேயே எடுத்தாச்சு ஆன்ட்டி. ஃபோட்டோகிராஃபருக்குப் பத்து மணிக்கு வேற புக்கிங். ஒம்போதரைக்கு எல்லாம் முடிச்சிட்டுப் போயிட்டான்."

"ரியாவையுமா?"

"பேத்தி இல்லாம எப்படி? தலைமாட்டுல நின்னா. அச்சா ஆயா ஹை, நல்லா வந்திருக்கு, பாருங்க." அவன் போனை எடுத்துக் காட்டினான். பிறகு என் முகத்தைப் பார்த்து, "க்யா ஹுவா ஆன்ட்டி, என்னாச்சு?" என்றான். "மம்மி வேண்டாம்னு சொன்னாங்களா? என்கிட்ட ஏன் சொல்லல?" அவனுக்கு உதடு கோணிக்கொண்டு வந்தது. அம்மாவின் கடைசி ஆசையை மீறிவிட்டோமோ என்று அவன் அழ ஆரம்பித்தான். ஒன்றரை மணி நேரம் போன் கையில் இருந்தும் பேசாமல் அவரைக்காய் நறுக்கிய நான் அவனைச் சமாதானப்படுத்தினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று தோன்றியது.

படத்தில் ரியா கேமராவை நேராகப் பார்த்தாள். கை எங்கே இருக்கிறது என்று பார்க்க எனக்கு லென்ஸ் வேண்டியிருக்கவில்லை.

அவளைத் தேடினேன். வீட்டுக்குப் பின்னால், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். புது வெள்ளைக் கவுன். இடது கையில் ஒரு பிஸ்கட்டைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வலது கையை மட்டும் உடம்பில் படாமல், கவுனில் படாமல், காற்றில் நீட்டி வைத்திருந்தாள். காலையிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறாள். இத்தனை ஜனத்தில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

"கையில என்னடி கண்ணா?"

"ஹாத் தோனா ஹை" என்றாள். கை கழுவ வேண்டுமாம். "மம்மிகிட்ட சொன்னேன். அப்புறம்னு சொல்லிட்டா."

டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினேன். ஜன்னலில் இருந்த சோப்பை எடுத்துத் தேய்த்துவிட்டேன். ஒரு தரம் கழுவியதும் முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி நீட்டினாள். இரண்டாம் தரமும் நீட்டினாள். மூன்றாம் தரம் கழுவும்போது குனிந்துகொண்டே கேட்டாள்.

"பாட்டி தூங்கறா, தொட்டா எழுந்துப்பான்னு சொன்னாங்க. நான் தொட்டேன். ஏன் எழுந்துக்கல?"

அறுபது வருஷத்துக்கு முன்னால் அதே வாசலில் ஒரு குழந்தை கேட்காமல் விட்ட கேள்வி. இவள் கேட்டுவிட்டாள். அவளைப் படிக்கட்டில் உட்காரவைத்தேன்.

"உன் பாட்டி தூங்கலை. செத்துப் போயிட்டா. யார் தொட்டாலும் இனிமே எழுந்திருக்க மாட்டா. நீ தொட்டதுல தப்பே இல்லை. உன்னைத் தொடச் சொன்னதுதான் தப்பு."

அவள் ஈரக் கையை நீட்டி, "போயிடுச்சா?" என்று கேட்டாள்.

போய்விட்டது என்று சொல்ல வாய்வரை வந்தது. நம் வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். "இல்லைடா. அந்தச் சில்லிப்பு கொஞ்ச நாள் இருக்கும். எப்ப வேணா என்கிட்ட கேளு" என்றேன். சரி என்று தலையாட்டினாள். கையை என் புடவையில் துடைத்துக்கொண்டாள். நாலு மணிக்குப் பெட்டியை எடுக்கும்வரை அந்தக் கை என் கைக்குள் இருந்தது.

எஸ்தர் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் கண் இல்லை, அதற்கெல்லாம் எனக்குக் கொடுப்பினை கிடையாது. அவர் நம்பிக் கொடுத்த வேலையில் படத்தைத் தடுக்கிற பாதி நழுவிப் போய்விட்டது, மீதிப் பாதிதான் என் கையில் இருக்கிறது. டேனியல் அந்தப் படத்தைக் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். உங்கள் போனிலும் இருக்கும். அழிக்கிறவர்கள் அழித்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன். ரியா வளர்ந்து ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு வருவாள். அந்தக் கையைப் பிடித்து உள்ளே வைத்தது யார், ஏன் வைத்தார்கள், வேண்டாம் என்று சொன்னது யார், சொல்ல வேண்டியவள் ஏன் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று அவளுக்கு மறைக்காமல் சொல்ல ஒரு ஆள் வேண்டும். எனக்கு வயது அறுபத்துநாலு, சர்க்கரை வேறு. நான் இருக்கும்போதே அவள் கேட்டுவிட வேண்டும்.